குளோரின் எந்த அட்டவணையிலும் இல்லை, பிறகு அது எப்படி ரசாயன ஆயுதம்?

#1 புதுவெயில்

1993 ரசாயன ஆயுத உடன்படிக்கையின் மூன்று அட்டவணைகளையும் வரிசையாகப் பார்த்தேன். நரம்புவாயுக்களான சாரின் இருக்கிறது, விஎக்ஸ் இருக்கிறது, கடுகு வாயு இருக்கிறது. குளோரின் எங்கேயும் இல்லை. ஆனால் 2018 ஏப்ரலில் சிரியாவின் டூமாவில் விழுந்த குளோரின் சிலிண்டர்களை உடன்படிக்கை மீறல் என்கிறார்கள். பெயரே இல்லாத பொருளுக்குத் தடை எங்கிருந்து வந்தது? இன்னொரு சந்தேகம். 1925லேயே ஜெனீவாவில் விஷவாயுவுக்குத் தடை வந்துவிட்டதே, 68 வருஷம் கழித்து எதற்கு இன்னொரு ஒப்பந்தம்?

#2 உட்பிரிவு

அட்டவணையிலிருந்து படிக்கத் தொடங்கினால் யாரும் இந்தக் குழியில்தான் விழுவார்கள். முதலில் உடன்படிக்கையின் 2ஆம் உறுப்பை (பிரிவை) படியுங்கள். உயிர்வினையில் தலையிட்டு மரணத்தையோ, தற்காலிகச் செயலிழப்பையோ, நிரந்தரத் தீங்கையோ உண்டாக்கும் எந்த வேதிப்பொருளும் ‘நச்சு வேதிப்பொருள்’. அது அட்டவணையில் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட பொருளும் அதைத் தயாரிக்க உதவும் முன்னோடிப் பொருள்களும் ரசாயன ஆயுதமே. விலக்கு ஒன்றுதான்: தடை செய்யப்படாத நோக்கத்துக்காக வைத்திருக்க வேண்டும், வகையும் அளவும் அந்த நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும்.

இந்த ‘வகையும் அளவும்’ என்ற சொற்களில்தான் உடன்படிக்கையின் உயிர் இருக்கிறது. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் நிற்கும் குளோரின் சிலிண்டர் ஆயுதமல்ல. அதே சிலிண்டரை ஹெலிகாப்டரில் ஏற்றிக் குடியிருப்பின் மேல் போட முடிவெடுத்த நிமிடமே அது ஆயுதம். உள்ளே இருக்கும் வாயு மாறவில்லை, நோக்கம் மாறிவிட்டது. பட்டியலை மட்டும் நம்பி எழுதியிருந்தால், நாளைக்கு ஒருவர் புதிதாக ஒரு மூலக்கூறைக் கண்டுபிடித்துத் தப்பித்துக்கொள்வார். நோவிசோக் வகை நரம்பு நச்சுப் பொருள்கள் முதல் அட்டவணையில் சேர்ந்தது 2020 ஜூன் 7 அன்றுதான். ஆனால் 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் அது பயன்பட்டபோதே அது உடன்படிக்கைப்படி ரசாயன ஆயுதம்தான். அட்டவணையில் ஏற்றியதால் அதன்மேல் கண்காணிப்பு கூடியது, அவ்வளவே.

அட்டவணைகளின் வேலை கண்காணிப்பு. எதை எவ்வளவு தயாரித்தால் ஹேக் நகரில் உள்ள ரசாயன ஆயுதத் தடை அமைப்புக்குக் கணக்குக் காட்ட வேண்டும், யார் வீட்டுக் கதவை ஆய்வாளர்கள் தட்டலாம் என்று சொல்வதற்காக அவை இருக்கின்றன. முதல் அட்டவணையில் ஆயுதம் தவிர வேறு பயன் அநேகமாக இல்லாதவை. இரண்டாவதில் சிறிய அளவில் தொழிற்பயன் உள்ளவை. பால்பாயிண்ட் பேனா மையிலும் துணிச்சாயத்திலும் போகும் தயோடைகிளைக்கால் கடுகு வாயுவுக்கு ஒரு படி முந்தையது, அது இங்கே இருக்கிறது. மூன்றாவதில் பாஸ்ஜீன், ஹைட்ரஜன் சயனைடு, ட்ரைஎத்தனாலமின் போல ஆயிரக்கணக்கான டன்னில் ஓடும் சரக்குகள். குளோரினையும் அதில் சேர்த்திருந்தால் உலகத்தின் எல்லாக் குடிநீர் வாரியமும் ஹேக்குக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்.

#3 பழுப்புத்தாள்

இரண்டாவது சந்தேகத்துக்கு நான் வருகிறேன். சட்டத்தை எழுத்தெழுத்தாகப் படித்து ஓட்டை தேடுவது நூறு வருஷத்துப் பழக்கம்.

1899 ஹேக் பிரகடனம் தடை செய்தது எதை? மூச்சுத்திணறவைக்கும் வாயுவைப் பரப்புவதையே ஒரே நோக்கமாகக் கொண்ட எறிகுண்டுகளை. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரஸில் ஜெர்மானியர்கள் எறிகுண்டு எதையும் வீசவில்லை. 5,700க்கும் மேற்பட்ட சிலிண்டர்களைப் பதுங்குகுழி ஓரத்தில் புதைத்துவைத்து, காற்று எதிரிப் பக்கம் திரும்பியதும் வால்வைத் திறந்தார்கள். எறிகுண்டு இல்லை, ஆகவே பிரகடன மீறலும் இல்லை என்பது அவர்கள் வாதம். ‘ஒரே நோக்கம்’ என்ற சொல்லும் கைகொடுத்தது: குண்டுக்குள் வாயுவோடு கொஞ்சம் வெடிமருந்தும் இருந்தால் அதன் நோக்கம் ஒன்றல்ல, இரண்டு!

1925 ஜூன் 17 ஜெனீவா நெறிமுறை அந்த ஓட்டைகளை அடைத்தது. ஆனால் அது தடுத்தது போரில் பயன்படுத்துவதை மட்டும். தயாரிக்கலாம், குவித்து வைக்கலாம், விற்கலாம். ஆய்வு கிடையாது, கேட்பதற்கு அமைப்பும் கிடையாது. அதற்கும் மேலே பல நாடுகள் கையெழுத்தோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தன: ‘எதிரி முதலில் பயன்படுத்தினால் இது எங்களைக் கட்டுப்படுத்தாது.’ பிரிட்டிஷ் இந்தியா 1930ல் உறுதி செய்தபோதும் அந்த நிபந்தனையோடுதான். விளைவில் அது முதல் அடி அடிக்கமாட்டோம் என்ற வாக்குறுதியாகச் சுருங்கியது. அமெரிக்கா அதை உறுதி செய்ததே 1975ல்.

அந்த வாக்குறுதியையும் யார் மதித்தார்கள்? இத்தாலி 1928லேயே சேர்ந்த நாடு. 1935–36ல் எத்தியோப்பியாவில் விமானத்திலிருந்து கடுகு வாயுவைக் கொட்டியது. ஈராக் 1931ல் சேர்ந்தது. ஈரான் போர்முனையில் அது கடுகு வாயு பயன்படுத்தியதை ஐ.நா. நிபுணர்கள் 1984 மார்ச்சில் நேரில் பார்த்து எழுதிவிட்டார்கள். ஈராக்கின் குர்து நகரான ஹலப்ஜா மீது வாயுத் தாக்குதல் நடந்தது 1988 மார்ச் 16. பாதுகாப்புச் சபையின் 612ஆம் தீர்மானம் வந்தது அந்த மே மாதம் 9ஆம் தேதி. அதிலும் ஈராக்கின் பெயரைச் சொல்லிக் கண்டிக்காமல், ‘இரு தரப்பும்’ தவிர்க்க வேண்டும் என்று எழுதினார்கள். 1993 ஒப்பந்தத்தின் முதல் வரியில் ‘எந்தச் சூழ்நிலையிலும் ஒருபோதும்’ என்று அழுத்தி எழுதியதற்கும், 22ஆம் உறுப்பில் நிபந்தனையோடு சேரும் வழியை அடைத்ததற்கும் இதுதான் பின்னணி. பழிக்குப் பழி என்ற சாக்கு அங்கே முடிந்தது.

#4 கானல்வரி

அப்படியென்றால் கண்ணீர்ப்புகை? எல்லா நாட்டுப் போலீஸும் சொந்த மக்கள் மீது அடிக்கிறார்கள். போர்க்களத்தில் எதிரி மீது அடித்தால் மட்டும் சட்டவிரோதமாம். மக்களைவிட எதிரிச் சிப்பாய்க்கு அதிகப் பாதுகாப்பா? இது பித்தலாட்டமாகப் படவில்லையா?

#5 உட்பிரிவு

கேள்வி நியாயமானது. பதில் கொஞ்சம் கசக்கும்.

1ஆம் உறுப்பின் 5ஆம் பத்தி, கலவரத் தடுப்புப் பொருள்களைப் போர்முறையாகப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. 2ஆம் உறுப்பின் 9ஆம் பத்தியோ, உள்நாட்டுக் கலவரத் தடுப்பு உட்பட சட்ட ஒழுங்குப் பணியை அனுமதிக்கிறது. காரணம் கருணை அல்ல. போர்முனையில் புகை எழும்பினால் எதிரில் இருப்பவனுக்கு அது கண்ணீர்ப்புகையா நரம்புவாயுவா என்று சோதிக்க நேரம் கிடையாது. முகமூடியை மாட்டிக்கொண்டு தன்னிடம் இருப்பதைத் திருப்பி அடிப்பான். தவிர, பதுங்குகுழிக்குள் கண்ணீர்ப்புகை போட்டு ஆளை வெளியே துரத்தித் துப்பாக்கியால் சுடுவது வியட்நாமிலேயே நடந்த உத்தி. உக்ரைனிலும் இதே பேச்சுதான்: தினிப்ரோபெத்ரோவ்ஸ்க் பகுதியின் பதுங்குகுழியில் எடுத்த கையெறிகுண்டிலும் மண்ணிலும் சிஎஸ் என்ற கண்ணீர்ப்புகைப் பொருள் இருப்பதை ஹேக் அமைப்பு 2024 நவம்பரில் உறுதி செய்தது. யார் வீசியது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. தொழில்நுட்ப உதவிக்காகப் போகும் அந்த வகைக் குழுவுக்கு அதைச் சொல்லும் அதிகாரமும் இல்லை.

‘சட்ட ஒழுங்கு’ என்ற வார்த்தைதான் உடன்படிக்கையின் தளர்ந்த தையல். 2002 அக்டோபரில் மாஸ்கோ தியேட்டர் முற்றுகையில் ஃபென்டனில் வகை மயக்கப்பொருளைக் காற்றில் விட்டார்கள். பணயக்கைதிகளில் சுமார் 130 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் அந்த வாயுவால். அது போலீஸ் வேலையா, போரா? மூடிய அரங்கில் எவ்வளவு விட்டாலும் ஒரு மூலையில் இருப்பவருக்குப் போதாது, இன்னொரு மூலையில் இருப்பவருக்கு மிஞ்சிவிடும். மயங்கியவர் நாக்கு பின்னால் சரிந்தே மூச்சு நின்றுவிடும். உறுப்பு நாடுகள் 2021 டிசம்பரில்தான், மைய நரம்பு மண்டலத்தைத் தாக்கும் பொருளைக் காற்றில் தூவுவது சட்ட ஒழுங்குப் பணிக்குள் அடங்காது என்று முடிவெடுத்தன. அதுவும் வாக்கெடுப்பில், ரஷ்யா எதிர்த்தது.

வெள்ளைப் பாஸ்பரஸைப் பற்றி அடுத்து யாராவது கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். புகைத்திரைக்கோ தீமூட்டவோ பயன்பட்டால் அது இந்த உடன்படிக்கையில் வராது. தீக்குண்டுகளுக்கான 1980ஆம் ஆண்டு மூன்றாம் நெறிமுறையில் பார்க்க வேண்டும். நச்சுத்தன்மையை நம்பி ஆள்மேல் விட்டால் இங்கே வரும்.

#6 மணலிவால்வு

சட்டத்தை விட்டு ஆலைக்குள் வாருங்கள். இந்த ஒப்பந்தத்தின் முக்கால்வாசி வேலை நடப்பது போர்க்களத்தில் இல்லை, ஸ்டோர்ஸ் ரெஜிஸ்டரில்.

வரம்புகள் இவை. முதல் அட்டவணைப் பொருளை ஒரு நாடு முழுவதும் சேர்த்தே எந்த நேரத்திலும் 1 டன்னுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இரண்டாம் அட்டவணையில் பிஇசட் (மனக்குழப்பம் உண்டாக்கும் பொருள்) என்றால் வருஷத்துக்கு 1 கிலோவைத் தாண்டியதும் டிக்ளரேஷன் (அறிவிப்பு). அமிட்டான், பிஎஃப்ஐபி என்ற நச்சுப் பொருள்கள் என்றால் 100 கிலோ. மற்ற முன்னோடிகளுக்கு 1 டன். ஆய்வு வரும் வரம்பு அதைப் போல் பத்து மடங்கு. மூன்றாம் அட்டவணையில் 30 டன்னுக்கு டிக்ளரேஷன், 200 டன்னுக்கு மேல் ஆய்வு. அட்டவணையில் இல்லாத கரிமப் பொருள்களுக்கும் கணக்கு உண்டு: ஆலை முழுவதும் சேர்த்து 200 டன், பாஸ்பரஸ், கந்தகம், ஃப்ளோரின் உள்ளதாக இருந்தால் ஒரு பிளான்ட்டுக்கு 30 டன்.

தவறு நடக்கும் இடங்கள்:

கணக்கு ஆண்டு. உடன்படிக்கைக்கு ஜனவரி முதல் டிசம்பர். நம்மூர் ஆலைக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச். அக்கவுண்ட்ஸ் பிரிவிடமிருந்து ஆண்டறிக்கை எண்ணை அப்படியே வாங்கிப் படிவத்தில் போட்டால், ஆய்வாளர் பேட்ச் கார்டைக் கூட்டிப் பார்க்கும்போது எதுவும் ஒத்துவராது.

தயாரிப்பா, பயன்பாடா. இரண்டாம் அட்டவணைக்கு உற்பத்தி, பதப்படுத்தல், நுகர்வு மூன்றும் கணக்கு. மூன்றாம் அட்டவணை ஆலைக்கு உற்பத்தி மட்டும்தான். இதை மாற்றிப் புரிந்துகொண்டு, மூன்றாம் அட்டவணையில் உள்ள பாஸ்பரஸ் ட்ரைகுளோரைடை வாங்கி உபயோகிக்கும் ஆலை அறிவிப்பதும், அதைத் தயாரித்து அடுத்த உலைக்கே அனுப்பிவிடும் ஆலை அறிவிக்காமல் விடுவதும் நடக்கும். ‘வெளியே விற்கவில்லையே, இடைநிலைப் பொருள்தானே’ என்பது செல்லாது. தனியே பிரித்தெடுக்கக்கூடிய அளவுக்கு நிலையாக இருந்தால், குழாய்க்குள்ளேயே ஓடித் தீர்ந்தாலும் அது உற்பத்தி. 2004லேயே முடிவான சங்கதி.

செறிவு. மூன்றாம் அட்டவணைப் பொருள் 30% அல்லது அதற்குக் குறைவாகக் கலந்த கலவைக்கு டிக்ளரேஷன் வேண்டாம். அதற்கு மேல் போனால் கலவையின் எடையை எழுதக் கூடாது, உள்ளே இருக்கும் தூய பொருளின் எடையை எழுத வேண்டும்.

ஆய்வாளர் மூன்றாம் அட்டவணை ஆலைக்கு வருவதற்கு 120 மணி நேரத்துக்கு முன் தகவல் வரும்; ஆய்வு 24 மணி நேரம். இரண்டாம் அட்டவணைக்கு 48 மணி நேர முன்தகவல், 96 மணி நேர ஆய்வு. முதலில் ஆலை விளக்கம், அதிகபட்சம் 3 மணி நேரம். இதில் வழவழவென்று கம்பெனி வரலாறு பேசி நேரத்தைக் கரைத்தால் ஆய்வாளருக்குச் சந்தேகம்தான் கூடும். அவர்கள் பார்க்க வருவது இரண்டே விஷயம்: சொன்ன கணக்கு சரியா, சொல்லாத முதல் அட்டவணைப் பொருள் எதுவும் இங்கே உருவாகவில்லையா. கூடவே கொண்டுவரும் கருவியில் உடன்படிக்கைக்கு உட்பட்ட பொருள்களின் நிறமாலை மட்டும் திறந்திருக்கும்படி மென்பொருளை மூடிவைக்க வழி உண்டு, உங்கள் வணிக ரகசியம் அதில் தெரியாது. இதைச் சொல்லிவைத்தால் பல மேலாளர்களின் பதற்றம் பாதி குறையும்.

சிரிப்பூட்டும் ஒன்று: முதல் அட்டவணையில் ரிசின் என்ற நச்சு இருக்கிறது. ரிசின் ஆமணக்கு விதையில் இருக்கிறது. அப்படியானால் ஆமணக்கு எண்ணெய் ஆலைகளெல்லாம் ஆயுதக் கிடங்கா? அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று உறுப்பு நாடுகள் தனியே முடிவெடுக்க வேண்டிவந்தது.

#7 மட்டுவாவி

அரசுகளைப் பற்றி மட்டும் கதைக்கிறீர்கள். உடன்படிக்கையில் கையெழுத்திடுபவை அரசுகள். ஆயுதக் குழு ஒன்று இரசாயனம் பாவித்தால் என்ன சட்டம்? மட்டக்களப்பு கிரான் முகாம் மீது 1990 யூனில் புலிகள் குளோரின் பாவித்தது ஆயுத ஆய்வு நூல்களில் பதிவாகியிருக்கிறது. ஜப்பானிய மதக் குழுவான ஓம் ஷின்ரிக்கியோ 1994ல் மத்சுமோட்டோவிலும் 1995 மார்ச் 20ல் டோக்கியோ சுரங்க ரயிலிலும் சாரின் விட்டது. ஐஎஸ் அமைப்பு 2015ல் சிரியாவின் மாரியாவில் கடுகு வாயு பாவித்தது. யாருக்கு எதிராக வழக்கு?

#8 உட்பிரிவு

மட்டுவாவி, இதற்கு 7ஆம் உறுப்பு இருக்கிறது. ஒவ்வொரு நாடும் தன் மண்ணில் எவரும் செய்வதையும், தன் குடிமகன் உலகில் எங்கே செய்வதையும் குற்றமாக்கும் உள்நாட்டுச் சட்டம் போட வேண்டும். இந்தியாவில் அது 2000ஆம் ஆண்டுச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2005 ஜூலை 1. இலங்கையில் 2007ன் 58ஆம் இலக்கச் சட்டம். கிரான் சம்பவம் 1993க்கு முந்தையது. அப்போது ஜெனீவா நெறிமுறையும் அரசுகளுக்கு இடையிலான போரைத்தான் பேசியது. உள்நாட்டுப் போரிலும் வழக்காற்றுச் சட்டப்படி தடை உண்டு என்று யூகோஸ்லாவியப் போர்க்குற்றத் தீர்ப்பாயம் டாடிச் என்பவர் மீதான வழக்கில் சொன்னது 1995ல். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனத்தில் உள்நாட்டுப் போருக்கும் இந்தக் குற்றத்தை நீட்டியது 2010 கம்பாலா திருத்தம். இந்தியாவும் இலங்கையும் ரோம் சாசனத்துக்கு வெளியே இருக்கின்றன என்பது வேறு.

தனிமனிதர் மேல் விழுந்த வழக்குக்கு நல்ல உதாரணம் டச்சு வியாபாரி ஃபிரான்ஸ் வான் அன்ராட். சதாம் அரசுக்குத் தயோடைகிளைக்கால் விற்றவர். 2005ல் ஹேக் நீதிமன்றம் போர்க்குற்றத்துக்கு உடந்தை என்று 15 ஆண்டு கொடுத்தது, மேல்முறையீட்டில் தண்டனை கூடியது. #2ல் சொன்ன அதே பேனா மைப் பொருள்தான்.

#9 கானல்வரி

எல்லாம் சரி, டூமா அறிக்கையே சர்ச்சைதானே? 2019ல் ஒரு பொறியியல் மதிப்பீடு கசிந்ததே, சிலிண்டர் மேலிருந்து விழவில்லை, கையால் வைத்தது என்று?

#10 பழுப்புத்தாள்

கசிந்தது உண்மை. அந்த ஆவணத்தை எழுதியவர் ஹேக் அமைப்பின் உண்மை கண்டறியும் குழுவின் உறுப்பினர் அல்ல என்று 2020ல் வெளியான உள்விசாரணை சொன்னது. அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். அதை வைத்து எல்லாமே பொய் என்பதற்கு முன், இப்படிப்பட்ட விசாரணை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தாக்குதல் ஏப்ரல் 7. குழு டமாஸ்கஸ் வந்தது 14. டூமாவுக்குள் கால்வைத்தது 21. குளோரினைப் பொறுத்தவரை இரண்டு வாரம் என்பது பெரிய நஷ்டம். நரம்புவாயு சிதைந்தாலும் தனக்கே உரிய எச்சத்தை மண்ணில் விட்டுப்போகும். குளோரின் ஆவியாகிப் போனால் மிஞ்சுவது குளோரைடு; அது உப்பிலும் இருக்கிறது, வியர்வையிலும் இருக்கிறது. அதனால் மரச்சட்டம் போன்றவற்றில் குளோரின் ஏறி உருவான கரிமச் சேர்மங்களைத் தேட வேண்டும். அவையும் குளோரின் வாயுவால்தான் வந்தனவா, பிளீச்சிங் பொருளாலா என்று பிரிக்க வேண்டும். 2019 மார்ச் இறுதி அறிக்கை ‘வினைபுரியும் குளோரின் கொண்ட நச்சுப் பொருள், அநேகமாகக் குளோரின் வாயு’ என்று தயங்கித் தயங்கி எழுதியதற்குக் காரணம் இதுதான்.

மாதிரி கையாளும் முறை கறாரானது. எடுத்த இடம், நேரம், முத்திரை எண், கைமாறிய ஒவ்வொருவரின் கையெழுத்து. ஹேக் அமைப்பின் ஆய்வகத்தில் பிரித்து, போலி மாதிரிகளையும் நடுவில் கலந்து, குறைந்தது இரண்டு அங்கீகரித்த ஆய்வகங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் அனுப்புவார்கள். அந்த ஆய்வகங்களுக்கும் தேர்வு உண்டு: கடைசி மூன்று தேர்வுகளில் இரண்டு ஏ, ஒரு பி என்பது குறைந்தபட்சம். அதற்குக் கீழே போனால் தகுதி நிறுத்தம்.

யார் செய்தது என்று சொல்லும் அதிகாரம் உண்மை கண்டறியும் குழுவுக்கு இல்லை. அதைச் சொல்வதற்காக ஐ.நா.வோடு சேர்ந்த கூட்டுப் பொறிமுறை 2015ல் வந்தது. 2017 நவம்பரில் ரஷ்ய வீட்டோவில் செத்தது. 2018 ஜூனில் உறுப்பு நாடுகள் சிறப்பு அமர்வு கூட்டி 82க்கு 24 என்ற வாக்கில் அடையாளம் காணும் குழுவை அமைத்தன. அது 2023 ஜனவரி அறிக்கையில் டூமாவுக்கு அரசு விமானப்படையைப் பொறுப்பாக்கியது: இரண்டு சிலிண்டர், பெயர் தெரிந்த 43 மரணங்கள். கையால் வைத்தார்கள் என்ற வாதத்தையும் எடுத்துச் சோதித்தே ஒதுக்கியது. அளவுகோல் ‘நம்புவதற்கு நியாயமான காரணம்’. குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் ஐயமற்ற நிரூபணம் அல்ல. விமர்சிக்க வேண்டுமானால் அந்த இடைவெளியைப் பிடியுங்கள், அதில் சாரம் இருக்கிறது.

#11 உட்பிரிவு

இதோடு சேர்த்து, யாரும் தொடாத ஒரு கருவியும் இருக்கிறது: 9ஆம் உறுப்பின் சவால் ஆய்வு. எந்த உறுப்பு நாடும் இன்னொரு நாட்டின் எந்த இடத்தையும் காட்டி ‘அங்கே பாருங்கள்’ எனலாம். மறுக்கும் உரிமை அந்த நாட்டுக்கு இல்லை. குழு வந்திறங்க 12 மணி நேரத்துக்கு முன் சொன்னால் போதும். நிறுத்த வேண்டுமானால் 41 பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் முக்கால்வாசி வாக்கு, அதுவும் 12 மணி நேரத்துக்குள். காகிதத்தில் இதைவிடக் கூர்மையான ஆய்வு வேறு எந்த ஆயுத ஒப்பந்தத்திலும் இல்லை. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1997லிருந்து ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. போய் ஒன்றும் அகப்படாவிட்டால் கேட்டவர் முகத்தில் கரி. கூடவே நாளைக்கு நம் வாசலுக்கும் இது வரும் என்ற பயம். துருப்பிடித்த கத்தி என்பது என் கருத்து, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

#12 மணலிவால்வு

மறுக்கிறேன். அழிப்புக் கணக்கைப் பாருங்கள். அறிவித்த கையிருப்பு 72,304 டன். ரஷ்யா 2017 செப்டம்பரில் முடித்தது, அமெரிக்கா 2023 ஜூலை 7 அன்று கென்டக்கியின் புளூ கிராஸில் கடைசி ராக்கெட்டை முடித்தது. இந்தியா 1997ல் அறிவித்த 1,044 டன் கடுகு வாயுவை 2009ல் தீர்த்தது. அல்பேனியா, தென்கொரியாவுக்கு அடுத்து மூன்றாவது நாடு. சவால் ஆய்வு இல்லாமலே, அன்றாட ஆய்வில் நடந்த வேலை இது.

தாமதம் உண்டு. கெடு 2007, நீட்டித்தால் 2012. வல்லரசுகள் இரண்டும் தவறின. ராக்கெட்டுக்குள் நரம்புவாயு, வெடிமருந்து, எரிபொருள் மூன்றும் ஒட்டியே இருக்கும், பழசானால் கசியும். முதலில் எரியுலை போட்டார்கள், புகைபோக்கியைப் பார்த்து ஊர்மக்கள் எதிர்த்தார்கள், புளூ கிராஸிலும் கொலராடோவின் பியூப்ளோவிலும் நீரால் சிதைக்கும் முறைக்கு மாறினார்கள். வருஷங்கள் அதில் போயின.

#13 உட்பிரிவு

அறிவித்த கையிருப்பு என்ற சொல்லை நீங்களே பயன்படுத்திவிட்டீர்கள். சிரியா 2013ல் அறிவித்த 1,300 டன்னும் போயிற்று. 2017 ஏப்ரலில் அதே சிரியாவின் கான் ஷெய்கூனில் சாரின் எங்கிருந்து வந்தது?

#14 புதுவெயில்

இவ்வளவு விளக்கத்துக்கு நன்றி. கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. சிமெண்ட் சேர்மானம் கலக்கும் சிறிய யூனிட், வருஷத்துக்கு 40 டன் ட்ரைஎத்தனாலமின் 85% இறக்குமதி செய்கிறது. 30 டன்னைத் தாண்டிவிட்டதே, டிக்ளரேஷன் வேண்டுமா?

#15 மணலிவால்வு

தயாரிக்கவில்லை, கலக்க மட்டும் செய்கிறார்கள், அதனால் ஆலை டிக்ளரேஷன் கிடையாது. ஆய்வும் வராது. ஆனால் நாட்டின் மொத்த இறக்குமதிக் கணக்கில் அந்தச் சரக்கு ஏற வேண்டும், எனவே உடன்படிக்கைக்கான தேசிய அமைப்புக்கு இறக்குமதித் தகவல் கொடுக்க வேண்டும். 85% என்பது 30%க்கு மேல், விலக்கு பொருந்தாது. எழுத வேண்டியது 40 டன் அல்ல, 34. இன்னொன்று, டிசம்பர் கடைசியில் அங்கே கப்பலேறி ஜனவரியில் இங்கே இறங்கும் சரக்கைக் கவனியுங்கள். அனுப்பிய நாடு போன வருஷத்தில் எழுதியிருக்கும், நாம் இந்த வருஷத்தில் எழுதுவோம். இரண்டு கணக்கும் ஹேக்கில் முட்டிக்கொண்டு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பில் ஆஃப் என்ட்ரி (சுங்க இறக்குமதிப் பத்திரம்) நகலைத் தேதியோடு தனி ஃபைலில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.